ஞாயிற்றுக்கிழமைக் கால்

என் இடது காலுக்கு நான் கணக்கு எழுத ஆரம்பித்ததே ஒரு எரிச்சலில்தான். எனக்கு வந்திருப்பது மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் என்று டாக்டர் சொன்ன மறுவாரமே, பருத்திப்பட்டில் எங்கள் தெருவில் ஆளாளுக்கு வைத்தியராகிவிட்டார்கள். நரம்பின் மேலுறையை உடம்பே அரித்துவிடும் வியாதி, முழுக்கப் போகாது, புதிதாக அரிக்காமல் தடுக்கத்தான் தினமும் மாத்திரை என்று நானும் பொறுமையாக விளக்கினேன். யாரும் காதில் வாங்கவில்லை. ஒருவர் முடக்கத்தான் என்றார், ஒருவர் வல்லாரை என்றார், ஒருவர் கம்பங்கூழ் என்றார், மாங்காட்டு மைத்துனர் மூச்சுப் பயிற்சி என்றார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் நான் இன்ஸ்பெக்டர். அடுத்தவர் செய்த ஷாஃப்டை, அதாவது இயந்திரத்தில் சுழலும் எஃகுத் தண்டை, அளந்து பார்த்து, தேறும், தேறாது என்று சொல்வதுதான் வேலை. சரி, இவற்றையும் அளந்துவிடலாம் என்று தோன்றியது. ஒரு நேரத்தில் ஒரே மருந்து, இரண்டு வாரம். நூறு அடி நடப்பேன், அதில் இடது கால் எத்தனை முறை தரையில் இழுபடுகிறது என்று எண்ணி நோட்டில் எழுதுவேன். வேலை நாளில் டீ நேரத்துக்கு முன்னால், ஞாயிறன்று சர்ச் முடிந்து வந்து சாப்பிட்டதும் வீட்டு வாசலில். உண்மையைச் சொன்னால், வியாதி வந்த பிறகு முதல் முறையாக எனக்குக் காலையில் எழுந்திருக்க ஆசையாக இருந்தது.

முடக்கத்தானும் வல்லாரையும் தேறவில்லை. மூன்றாவதாகக் கம்பங்கூழ். அது ஆரம்பித்த முதல் வாரமே இருபது முறை இழுபட்ட கால் ஆறு முறையாகக் குறைந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தவரிடமெல்லாம் கூழின் பெருமை பேசினேன். என் மனைவி மட்டும் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“ஏங்க, உங்க கூழு ஞாயித்துக்கெழம லீவு எடுத்துக்குதா?”

நியாயமான கேள்வி. ஞாயிறு மட்டும் பதினெட்டு, இருபது என்றே இருந்தது. நான் யோசித்து, ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பின் மேல் பழியைப் போட்டேன். சர்ச் முடிந்து வந்தால் எங்கள் வீட்டில் மட்டன் இல்லாமல் சாப்பாடு கிடையாது. இரண்டு மாதம் கத்திரிக்காய் சாப்பிட்டோம். ஞாயிற்றுக் கால் அப்படியேதான் இழுத்தது. மனைவி என்னைவிட அதிகம் பொறுத்துக்கொண்டாள்.

வார நாள் கணக்கு இவ்வளவு நன்றாக இருக்கும்போது மாத்திரை எதற்கு என்ற எண்ணம் எனக்கு அப்போதுதான் வந்தது. ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தவன், ஒன்றை எடுத்துவிட்டும் பார்க்க வேண்டாமா? மனைவியிடம் சொன்னால் விடமாட்டாள் என்று சொல்லாமலே நிறுத்தினேன். பத்து நாள் ஆயிற்று. எண்ணிக்கை ஏறவே இல்லை. உள்ளுக்குள் பெரிய ஆராய்ச்சியாளன் என்று நினைப்பு.

பதினோராம் நாள் எங்கள் இன்ஸ்பெக்ஷன் ரூமில் ஏசி பழுது. எஃகு சூட்டில் நீளும் என்பதால் அந்த அறையை எப்போதும் ஒரே குளிரில் வைத்திருப்போம். வியாதி வந்த சில வாரங்களில், ஷெட்டில் அலைய வேண்டாம் என்று முதலாளி என்னை அந்த அறைக்கு மாற்றியிருந்தார். மத்தியானத்துக்குள் அறை அடுப்படியாகிவிட்டது. என் கால் மரத்து, நான் மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். கிரைண்டிங் ஆப்பரேட்டர் ஒரு ஷாஃப்டைக் கையோடு கொண்டுவந்து, சீக்கிரம் பார்த்துச் சொல்லச் சொன்னார். வழக்கமாகச் சொல்வதையே சொன்னேன்.

“சூடா கீதுப்பா. ஆறட்டும். இப்ப அளந்தா தப்பா காட்டும்.”

சொன்ன பிறகுதான், என் காலுக்கும் அதே கதைதானோ என்று எனக்கு உறைத்தது. இந்த அறைக்கு வந்த வாரமும் கூழ் ஆரம்பித்த வாரமும் ஒன்று. ஞாயிறு காலையில் எண்ணெய் தேய்த்து, ஆவி பறக்க வெந்நீரில் குளிப்பேன். சின்ன வயதுப் பழக்கம், அதனால் சோதனையில் சேர்க்கவே தோன்றவில்லை. பிறகு சர்ச்சில் கூட்டம், தகரக் கூரைச் சூடு. உடனே கைக்குட்டையை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கம்பெனி வாசல் மரத்தடியில் அரை மணி உட்கார்ந்தேன். நடந்து பார்த்தேன். எட்டு. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அடுத்த நிமிடமே பயம் வந்தது. அப்படியென்றால் அந்தப் பத்து நாளும் நான் மாத்திரையைச் சோதிக்கவே இல்லை. ஏசியைத்தான் சோதித்திருக்கிறேன்.

சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“பதினோரு நாளா, மாத்திர நல்லா வேல செய்யுது, ஸ்தோத்திரம் ஆண்டவரேன்னு ஜெபம் பண்ணிக்கினு கீறேன். நீங்க பக்கத்துல ஒக்காந்து ஆமென் சொன்னீங்க.”

மறுநாளே டாக்டரிடம் இழுத்துப் போனாள். சூட்டில் கால் தளரும், குளிர்ந்தால் திரும்பும், அதை வைத்து வியாதி கூடிற்றா குறைந்ததா என்று சொல்ல முடியாது என்றார் அவர். என் நோட்டை ஆவலாகவே பார்த்தார். பிறகு மூடிக் கையில் கொடுத்தார்.

“மாத்திரையோட வேலை இதுல வராது சார். உங்களுக்குப் புதுசா ஒண்ணும் நடக்காம இருக்கே, அதுதான் அதோட வேலை.”

ஸ்கேன் எடுக்கச் சொல்லி, மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார். ஸ்கேனில் புதிதாக ஒன்றும் இல்லை. என் கெட்டிக்காரத்தனம் இல்லை, அதிர்ஷ்டம்.

இப்போது விடிவதற்கு முன் ஏரிக்கரையில் நடக்கிறேன். பச்சைத் தண்ணீரில் குளிக்கிறேன். சர்ச்சுக்கு ஈரத் துண்டோடு போகிறேன், பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். கூழை விடவில்லை, ருசிக்காக. மட்டனும் திரும்பி வந்துவிட்டது. மற்றபடி என் மனைவி என்னோடு முன்போலத்தான் சிரித்துப் பேசுகிறாள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து எதிரில் நிற்பாள். நான் விழுங்கியதும், “வாயத் தொறங்க” என்பாள். திறப்பேன்.

“நாக்கத் தூக்குங்க.”

தூக்குவேன். விளக்கு வெளிச்சத்தில் நன்றாகக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஜெபத்துக்கு உட்காருவாள்.