கல்லு கேட்கும் பாட்டு

துறைமுகத்தில் அவருக்குக் 'கல்லு' என்று பெயர். கிரேன் ஓட்டுகிறவர், ஐம்பதை நெருங்குகிற ஆள். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசிவிட்டால் அன்றைக்கு மழை நிச்சயம் என்று கீழே நிற்பவர்கள் கேலி செய்வார்கள். ஆனால் உச்சியில் இருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதும் கல்லு வேறு ஆள். அடுத்த கப்பல் வரும்வரை போனில் குழந்தைகள் பாட்டைப் போட்டுவிடுவார். தெருப்பிள்ளைகள் கைதட்டிப் பாடுகிற பாட்டு, ஆட்டத்துக்கு ஆள் பிரிக்கிற பாட்டு, அழுமூஞ்சியைக் கிண்டல் செய்கிற பாட்டு. யாரோ புண்ணியவான் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தவை.

தங்கை மகள் ஒரு விடுமுறைக்கு வந்தபோது அவர் போனில் ஏற்றிவிட்டுப் போனாள். அவள் வளர்ந்து கல்லூரிக்கே போயாயிற்று. மாமாவைத்தான் பாட்டு விடவில்லை. அர்த்தம் கிர்த்தம் எதுவும் இல்லாமல் துள்ளிக்கொண்டு ஓடி, கடைசி அடியில் காலை வாரிவிடுகிற அந்தத் தாளம் அவருக்குப் பிடித்துப்போயிற்று. அவ்வளவுதான் விஷயம்.

வீட்டில் மட்டும் மூச்சு விடவில்லை. அவருக்கும் மனைவிக்கும் குழந்தை இல்லை. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கிய பிறகு ஒரு நாள் "போதுங்க" என்று அவளே சொன்னாள். அதற்கப்புறம் இருவரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. இந்தப் பாட்டைக் கேட்டால் அவள் என்ன நினைப்பாள்? மனுஷன் இன்னும் ஏங்கிக்கொண்டிருக்கிறார் என்றுதானே?

ஒரு நாள் கிரேனின் இரும்புப் படியில் பாதி ஏறியபிறகுதான் சட்டைப் பையைத் தடவினார். போன் இல்லை. சாப்பாட்டு மேசையிலேயே விட்டுவிட்டார். குளிக்கும்போது தண்ணீர்ச் சத்தத்தில் கேட்டுவிட்டுப் பாதியில் நிறுத்திய பாட்டு அதில் காத்திருக்கிறது. தொட்டால் போதும், பாட ஆரம்பித்துவிடும். மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. அன்று பார்த்து அவளுக்கு லீவு.

வேலை நடுவில் இறங்கிப் போக வழியில்லை. தூக்கிய கன்டெய்னர் லாரிக்கு மேலே அப்படியும் இப்படியும் ஆடியது.

"அண்ணே, என்ன இன்னிக்கு? பெட்டி ஊஞ்சல் ஆடுது!" கீழே இருந்து வாக்கிடாக்கியில் சிக்னல்காரன் கத்தினான்.

"காத்து" என்றார். எதிரே கப்பல் கொடி அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால், அவள் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். போன் எதிரே இருந்தது.

"மேசையைத் தொடைக்கலாம்னு எடுத்தேன். தானா பாட ஆரம்பிச்சிடுச்சு. எல்லாத்தையும் கேட்டேன்."

அவர் கையிலிருந்த சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தார்.

"ஏங்க, மனசுல இவ்வளவு வெச்சுக்கிட்டா என்கூட இருந்தீங்க?"

"ஐயையோ, அதெல்லாம் இல்லம்மா. சும்மா... கேக்கப் பிடிக்கும்."

"இந்த வயசுலயா?"

"ஆமா, இந்த வயசுலதான்."

"அப்புறம் எதுக்கு ஒளிச்சீங்க?"

"நீ இப்படி நினைப்பேன்னுதான்."

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. என்ன செய்வதென்று புரியாமல் போனை எடுத்தார். "இதுல ஒரு கள்ளத்தனம் இருக்கு, கேளேன்" என்று ஒரு பாட்டைப் போட்டார். ஒரு சின்னப் பெண் ஆட்டத்துக்கு ஆள் பிரித்துப் பாடினாள்.

ஒண்ணுக்கு ஒரு ஓணான்,
ரெண்டுக்கு ரெட்டை வாலு,
மூணுக்கு முட்டை காணோம்,
நாலுக்கு... நாலுக்கு... நான் இல்ல!

அவள் முகம் சுவர் மாதிரி இருந்தது. பாட்டு முடிந்ததும், "தான் அவுட் ஆகப்போறோம்னு தெரிஞ்சு நாலை இழுக்குறா, திருட்டுக் கழுதை" என்றாள். உதட்டோரம் துடித்தது. சிரிப்பா அழுகையா என்று பார்ப்பதற்குள் எழுந்து குளியலறைக்குள் போய்விட்டாள். குழாய் வெகு நேரம் ஓடியது. அவர் கதவுக்கு வெளியே, தட்டலாமா வேண்டாமா என்று வியர்த்து நின்றார்.

முகம் கழுவிக்கொண்டு வந்தவள், "அந்த அழுமூஞ்சிப் பாட்டு மட்டும் எனக்குப் பிடிக்கல. மத்ததைச் சத்தமாவே வெச்சுக் கேளுங்க" என்றாள்.

இப்போது வீட்டில் பாட்டு ஓடுகிறது. சில நாள் அவளும் கைதட்டுவாள், தாளம் தப்பும். சில நாள் நறுக்கிக்கொண்டிருக்கிற கத்தி சட்டென்று நின்றுபோகும். அவர் விரல் உடனே பாட்டை நிறுத்தும்.

"ஏன் நிறுத்துனீங்க?" என்று திரும்பாமலே கேட்பாள். அந்தக் குரலை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அவர் மறுபடி போடுவார்.