மெஷின் இல்லாமல் தம்மாமுக்கு ஒரு பேக்ஸ்

போன வாரம் ஒரு விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தேன். பெயர், விலாசம், செல்போன் எண் எல்லாம் எழுதிக்கொண்டே இறங்கினால் கடைசியில் ‘பேக்ஸ்’ என்று ஒரு கட்டம். பேனா நின்றுவிட்டது. எதிரில் இருந்த பிள்ளை எட்டிப் பார்த்துச் சிரித்தாள். “அதுல ஒரு கோடு போட்டுருங்க மாமா. அதெல்லாம் இப்ப யாருட்ட இருக்கு?”

கோடு போட்டேன். ஆனால் வீடு வந்து சேரும்வரை மூக்கில் ஒரு மணம். சூடேறிய கம்ப்யூட்டர் மணம், பக்கத்துக் கடைப் பீடிப் புகையிலை மணம், மேலே கொஞ்சம் சாம்பிராணி. மேலப்பாளையம் பஜாரில் தங்கராசு அண்ணாச்சி நடத்திய பிரௌசிங் சென்டர் அப்படித்தான் மணக்கும். அண்ணாச்சி பாளையங்கோட்டைக்காரர், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர். ஆனாலும் கடைக்குக் கடை சாம்பிராணி போட்டு வரும் பாவாவை ஒரு நாளும் அவர் தடுத்ததில்லை. “போடும், போடும், கொசுவாவது ஓடட்டும்” என்பார்.

அப்போது நான் அதே பஜாரில் ஒரு கைலிக் கடையில் வேலைக்கு நின்றேன். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. வீட்டில் அறிவாளி யார் என்றால் என் அண்ணன்தான். காக்கா என்று கூப்பிடுவோம். சவூதியில், தம்மாமில் ஒரு கம்பெனியில் இருந்தார். நானோ, காய்கறிக்கு அனுப்பினால் பையை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்புகிறவன். அது வேறு கதை.

அந்த வருஷம் எங்களைப் பெற்ற வாப்பாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறியது. விளங்குகிற மாதிரி வந்தது காக்காவின் பெயர் ஒன்றுதான். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, “தூரத்துல இருக்கவங்கள வரச் சொல்லிருங்க” என்றார்.

காக்காவுக்குப் போன் போட்டேன். பாஸ்போர்ட் கம்பெனிக்காரன் பெட்டியில் இருக்கிறது, டாக்டர் கடிதத்தைப் பார்த்தால்தான் தருவானாம்.

“மெயில்ல அனுப்பட்டுமா காக்கா?”

“மெயில யாரும் அடிச்சு அனுப்பலாம்னு சொல்லுதான் மேனேஜரு. பேக்ஸ்லதான் வரணுமாம். கையெழுத்தும் சீலும் தெரியணும். இன்னைக்கு வியாழன்லே! ஒரு மணிக்கு ஆபீஸப் பூட்டிட்டாம்னா, நாளைக்கு வெள்ளி லீவு, அப்புறம் சனிக்கிழமதான்.”

அங்கே ஒரு மணி என்றால் நமக்கு மூன்றரை. சனிக்கிழமைவரை வாப்பா இருப்பாரா என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம். இன்றைக்கே அனுப்பாமல் வீட்டுக்குப் போவதில்லை என்று நிய்யத்து வைத்துக்கொண்டேன்.

கடிதம் வாங்கி சீல் வைப்பதற்குள் மணி ஒன்றாகிவிட்டது. பஜாரில் பேக்ஸ் போர்டு தொங்கிய மூன்று கடைகளிலும் ஏறி இறங்கினேன். போர்டு இருந்தது, மெஷின் இல்லை. “போன மாசந்தான் தம்பி பழைய இரும்புக்குப் போட்டேன்” என்றார் ஒருவர், துக்க வீட்டில் பேசுகிற குரலில். நாலாவதாக அண்ணாச்சியிடம் போய் நின்றேன்.

“மெஷின் எதுக்குவே? மெயில்ல அனுப்புனா அங்கன பேக்ஸா விழும்.”

“மெயில ஏத்துக்க மாட்டாங்களாம் அண்ணாச்சி.”

“அவனுக்கு எங்க தெரியப்போவுது? அவன் மெஷின்ல தாளு வரும். எடுத்துப் பார்ப்பான். அம்புட்டுதான்.”

எங்கோ ஒரு கம்பெனி இருக்கிறதாம். கடிதத்தைப் படம் பிடித்து மெயிலில் சேர்த்து, ‘சப்ஜெக்ட்’ என்ற கட்டத்தில் பேக்ஸ் எண்ணை மட்டும் எழுதி அனுப்பினால், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்களாம். அண்ணாச்சி என் பேரில் ஒரு மெயில் கணக்குத் திறந்து, கடிதத்தை ஸ்கேன் செய்து வைத்தார். அதற்குள் நாலு பேர் வந்து நிற்க, “நம்பர நீரே அடியும்” என்று நகர்ந்துவிட்டார். ஒரு விரலால் அடித்து அனுப்பினேன். இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது. அண்ணாச்சி எட்டிப் படித்துச் சொன்னார்: போகவில்லை. மறுபடி அடித்தேன். போகவில்லை. மூன்றாம் தடவையும் அதே பதில். காக்காவிடம் எண்ணைக் கேட்டுச் சரிபார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. மணி இரண்டே முக்கால்.

“லைன் சரியில்ல போலுக்கு. சனிக்கிழம பார்ப்போமாவே?”

“நான் எந்திரிக்க மாட்டேன் அண்ணாச்சி. போனா வாப்பா மூஞ்சில எப்படி முழிக்க?”

அண்ணாச்சி என்னை ஒரு பார்வை பார்த்தார். வந்தவர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஏம்வே, நம்பருக்கு முன்னால இது என்ன? எந்த ஊரு கோடு?”

பார்த்தால் 786. எங்கள் வீட்டில் பலசரக்குச் சீட்டானாலும் பள்ளிக்கூடத்து லீவு லெட்டரானாலும் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லித் தொடங்கும் பிஸ்மிக்குப் பதிலாக அந்த எண்ணை மேலே போடாமல் தொடங்குவதில்லை. மூன்று தடவையும் கை தானாகப் போட்டிருக்கிறது. மெஷினும் தானாக அதைச் சேர்த்தே சுற்றியிருக்கிறது.

“அழியும்வே.”

விரல் போகவில்லை. மற்ற நாளென்றால் பரவாயில்லை, இந்த வேளையிலா அதை அழிப்பது? அண்ணாச்சிக்குப் புரிந்துவிட்டது. “பைய வாயால சொல்லிட்டு அடியும். அவன் கேப்பான். இந்த டப்பாவுக்குத்தான் காது கிடையாது” என்றார்.

மூன்றையும் அழித்தேன். ‘பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்’ என்று சொன்னேன். பையச் சொல்ல வரவில்லை, கடையே திரும்பிப் பார்த்தது. அழுத்தினேன்.

மூன்று மணி தாண்டிப் பதில் வந்தது: ஒரு பக்கம் சேர்ந்துவிட்டது. நான் யார் உதவியும் இல்லாமல் படித்து விளங்கிக்கொண்ட முதல் இங்கிலீஷ் வரி அதுதான். பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது காக்காவின் போன். “பாஸ்போர்ட்டத் தந்துட்டாம்லே!” போனை வைத்துவிட்டு வாப்பாவிடம் சொல்ல ஓடினேன்.

சனிக்கிழமை காலையில் காக்கா வந்துவிட்டார். நல்ல கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் வாப்பா தூங்கினார். அதன்பிறகு ஒன்பது நாள் இருந்தார். அல்ஹம்துலில்லாஹ்.

பிரௌசிங் சென்டர் இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். அண்ணாச்சி மகனோடு வெளியூர் போய்விட்டார். அந்த மெயில் கணக்கை நான் அப்புறம் திறக்காமலே விட்டதில் அதுவும் போய்விட்டது. காக்கா மட்டும் மேனேஜரிடம் கேட்டு வாங்கி வந்த பேக்ஸ் தாளைப் பழைய பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறார். சூட்டில் எழுத்து விழுகிற வழவழப்புத் தாள் அது. நாளாக ஆக எழுத்து நிற்காதாம். போன நோன்பில் எடுத்து விரித்தார். டாக்டர் கையெழுத்து, சீல், தேதி ஒன்றும் இல்லை. வெயிலில் சாய்த்துப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை.

“வெறுந்தாள எதுக்கு வச்சிருக்கிய?” என்றார்கள் காக்காவின் மனைவி, எங்கள் மைனி.

“வெறுந்தாளா?” என்றார் காக்கா. “நான் வாப்பாவப் பாக்க வந்தது இதுலதான்.”