மாங்குயிலுக்கு வைத்திருந்த படம்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் தண்டவாளத்தை ஒட்டி நின்ற பலகை வீடுகளில் கடைசி வீட்டில் அய்யாவு இருந்தான். பகலெல்லாம் போட்டோக் கடையின் இருட்டறையில் ஊரார் முகங்களை மருந்துத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பான். வீட்டுக்கு வந்தால் பறவைகளின் முகம் பார்க்க உட்கார்ந்துவிடுவான். கொல்லைச் சுவரில் ஓர் ஆணி, ஆணியில் பாதி பப்பாளி, பக்கத்திலேயே சிரட்டையில் தண்ணீர். இவ்வளவுதான் அவன் விரித்த வலை.

செம்பருத்திக்குத் தேன்சிட்டு வரும். துணிக்கொடியில் கறுப்பு வெள்ளை முராய்க் குருவி உட்கார்ந்து வாலைத் தூக்கிப் பாடும். மைனாக்கள் கூட்டமாக வந்து, சந்தைக்கு வந்தவர்களைப் போலச் சண்டை போட்டுவிட்டுப் போகும். இத்தனையும் அவனுக்குப் பிடித்தவைதான். ஆனால் உயிர் மாங்குயிலின் மேல். பலா மரத்தின் உச்சியில் மஞ்சளாக ஒரு துண்டு வெயில் அசையும். அவன் மூச்சை அடக்குவதற்குள் இலைக்குள் போய்விடும். அதைப் படம் பிடிக்கவென்றே தன்னுடைய பெட்டிக் கேமராவை ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தின் மேல், ஆணிக்கு எதிரே நிறுத்தியிருந்தான். விசையில் கட்டிய நூல், சமையற்கட்டு ஜன்னல் வழியாக உள்ளே வந்து முடிந்தது. உள்ளே இருந்து இழுத்தால் வெளியே படம் விழும்.

ஜப்பான்காரன் வந்ததிலிருந்து பிலிம் கிடைப்பதில்லை. கேமராவுக்குள் மிச்சம் இருந்தது ஒரே ஒரு படம். அதை மாங்குயிலுக்கென்று வைத்திருந்தான்.

“அந்த ஒரு படத்துல என்னை எடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க?” என்பாள் அவன் மனைவி இராஜம்மா.

“நீ பறந்து போயிட மாட்டியே. அது போயிடும்லா.”

“அப்படியா நெனச்சுக்கிட்டிருக்கீங்க?” என்று சொல்லிவிட்டு மரவள்ளிக் கிழங்கை உரிக்கப் போய்விடுவாள்.

இராஜம்மா கிள்ளானில் பிறந்தவள். அவள் அப்பா கன்னையா, அங்கே ரயில்வே சரக்குக் கொட்டகையில் மூட்டை தூக்கியவர். அவருக்குக் கோலாலம்பூரே ஆகாது. ஒரே மகளின் கல்யாணத்துக்கு வந்தவர், பந்தியில் கை கழுவிய ஈரத்தோடு சாயங்கால ரயிலைப் பிடித்துவிட்டார். “இந்த ஊருத் தண்ணி எனக்கு ஒத்துக்காது மாப்பிள்ளை” என்றார். மாப்பிள்ளை போட்டோக் கடைக்காரனாயிருந்தும் அவர் ஒரு நாளும் கேமரா முன் நின்றதில்லை. அரிசி இல்லாமல் ஊரே மரவள்ளியைச் சபித்துக்கொண்டு தின்ற காலத்தில், கிள்ளானுக்கு வந்த மகள் தேங்காய்ப்பூவும் மிளகாயும் போட்டு வேகவைத்த மரவள்ளியை அவர் மட்டும் இன்னொரு கை கேட்டு வாங்கித் தின்றார்.

அவர் போன வருஷம் காய்ச்சலில் போனார். மகன் இல்லாத வீடு. வருஷம் திரும்பும்வரை ஒவ்வோர் அமாவாசைக்கும் தானே சோறு படைப்பதென்று இராஜம்மா முடிவு செய்துகொண்டாள். பங்கீட்டு அரிசியில் அதற்கென்று ஒதுக்கி வைப்பாள். கொல்லைச் சுவரில் இலை போட்டுச் சோறு வைத்து, காகம் வந்து வாய் வைத்த பிறகுதான் சாப்பிடுவாள்.

இங்கேதான் இடித்தது. கிள்ளானில் கையை உதறினால் நூறு காகம். பிரிக்ஃபீல்ட்ஸில் காகம் இல்லை. எப்போதாவது ஒரு காட்டுக் காகம் தலைக்கு மேலே போகும், கொல்லையில் இறங்காது. அவள் “கா, கா” என்று அழைத்த குரலுக்கு மைனாக்கள் வந்தன. அய்யாவு ஆசை ஆசையாகப் பழக்கிய மைனாக்கள். இலையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போயின.

“சாப்பிட்டாச்சே, நீயும் சாப்பிடு” என்றான் அய்யாவு.

“மைனா சாப்பிட்டா அப்பா சாப்பிட்டதா ஆயிடுமா?”

அவளுக்கு அப்போது ஐந்து மாதம். போன அமாவாசையன்று பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் காத்திருந்தவள், குழாயடியில் மயங்கி விழுந்தாள். பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா தூக்கி உட்காரவைத்து, அய்யாவைத்தான் திட்டினாள். “ஊர்ல உள்ள குருவியெல்லாம் கூப்பிட்டு வெச்சிருக்கீங்க. ஒரு காக்கா வரவழைக்கத் துப்பில்ல.”

அந்தச் சொல் அவனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கிள்ளானுக்கு அவளைக் கூட்டிப் போகலாமென்றால், ரயிலில் நிற்கவே இடமில்லாத காலம். வயிற்றுப் பிள்ளைக்காரியை ஏற்ற முடியாது. இன்னொரு முறை அவள் விழுந்தால்? அய்யாவுக்கு ஒரே வழிதான் தோன்றியது. வேறு யாருக்கும் அது தோன்றியிருக்காது.

அடுத்த அமாவாசையன்று, கடைக்கு மருந்து வாங்கக் கிள்ளான் போவதாகச் சொல்லிவிட்டு முதல் ரயிலில் ஏறினான். அவனுக்குக் காலைச் சாப்பாடாக வேகவைத்த மரவள்ளியை இலையில் கட்டிக் கொடுத்தாள் இராஜம்மா.

கிள்ளானில் ஜெய்னுதீன் பாயின் சாப்பாட்டுக் கடை அவனுக்குப் பழக்கம். கடையின் பின்பக்கம், எச்சில் தொட்டியைச் சுற்றிக் காகங்கள் கறுப்பாக மொய்த்திருக்கும்.

“பாய், எனக்கு ஒரு காக்கா வேணும்.”

பாய் கரண்டியைக் கீழே வைத்தார். “சமைக்கவா? அவ்வளவு மோசமாவா ஆயிருச்சு கோலாலம்பூரு?”

“இல்ல பாய். வீட்டுல அமாவாசை. மாமனாருக்குச் சோறு வைக்கணும், அங்க காக்கா கிடையாது.”

பாய் கையைத் துடைத்துக்கொண்டு பின்பக்கம் வந்தார். “இருவது வருஷமா இதுகள விரட்டிக்கிட்டிருக்கேன். முதல்முதலா ஒருத்தர் வந்து கேக்குறாரு. நல்லதாப் பாத்து எடுத்துக்குங்க” என்றார். பிறகு மீன் கூடையைக் குச்சியில் முட்டுக் கொடுத்துக் கவிழ்த்து, அடியில் மீன் தலையைப் போட்டு, குச்சியில் கட்டிய கயிற்றை அவரே பிடித்தார். கொஞ்ச நேரத்தில், கழுத்து சாம்பல் நிறமாயிருந்த ஒரு முரட்டுக் காகம் உள்ளே மாட்டியது.

ரயிலில் அது சும்மா இல்லை. கூடையைக் கிழித்துவிடுவதுபோல் கத்தியது. சுற்றி நின்றவர்கள் முறைத்தார்கள். அய்யாவு பொட்டலத்தைப் பிரித்து ஒரு துண்டு மரவள்ளியை இடுக்கு வழியாக நீட்டினான். சத்தம் நின்றது. துண்டு தீர்ந்ததும் மறுபடி தொடங்கியது. இப்படியே பொட்டலம் முழுவதையும் வாங்கித் தின்றுவிட்டுத்தான் அது கோலாலம்பூரில் இறங்கியது.

ஸ்டேஷன் வாசலில் ஜப்பான் சிப்பாய்க்குக் குனிந்து வணங்கியாக வேண்டும். அய்யாவு குனிந்தான். கூடை “கா” என்றது. சிப்பாயின் முகம் இறுகியது. துப்பாக்கி முனையால் காட்டி மூடியைத் தூக்கச் சொன்னான். அய்யாவு முடிச்சைத் தளர்த்தினான். விரல் அளவு திறந்த மூடிக்குள் சிப்பாய் எட்டிப் பார்த்தான். உள்ளேயிருந்து ஒரு கண் அவனைப் பார்த்தது. “கராசு” என்று தன் பாஷையில் காகத்தின் பேரைச் சொன்னான். பிறகு அவனை அறியாமலே சிரித்துவிட்டு, போ என்று கையை ஆட்டினான். அந்தச் சிரிப்பில் அவனுக்கும் எங்கோ ஒரு வீட்டுக் கொல்லை இருப்பது தெரிந்தது.

வீட்டில் இலை போட்டாகிவிட்டது. ஜன்னலருகே பலகையில், வற்றிய முகத்தோடு இராஜம்மா உட்கார்ந்திருந்தாள். அய்யாவு கொல்லை வழியாகவே வந்து, சுவர் மறைவில் குந்தி, கூடையின் வாயைத் திறந்தான்.

காகம் சுவரில் ஏறியது. இலைக்குப் பக்கத்தில் நின்று கழுத்தைச் சாய்த்துச் சோற்றைப் பார்த்தது. “அப்பா” என்றாள் இராஜம்மா, மிக மெதுவாக.

அய்யாவு எல்லாவற்றையும் யோசித்திருந்தான். தன் பறவைகளை மட்டும் மறந்துவிட்டான். முதலில் முராய் சீறியது. மைனாக்கள் நாலு பக்கமிருந்தும் இரைந்துகொண்டு வந்தன. கடைசியாகப் பலா உச்சியிலிருந்து, இத்தனை காலம் அவனுக்கு முழுதாக முகம் காட்டாத மாங்குயில், மஞ்சள் கல்லாக இறங்கிக் காகத்தின் முதுகில் மோதியது. இராஜம்மா பதறிப்போய் அதை விரட்டக் கைக்கு எட்டியதைப் பிடித்து இழுத்தாள். எட்டியது நூல். வெளியே கேமரா ‘டிக்’ என்றது.

காகம் எழும்பி, தண்டவாளத்துக்கு மேலே, வந்த வழியே மேற்காகப் போயிற்று. சோற்றில் வாய் வைக்கவில்லை. மைனாக்கள் இலையில் இறங்கின.

அய்யாவு வெறும் கூடையோடு உள்ளே வந்தான். மீன் நாற்றம் அடித்தது. கிள்ளான், பாய், ஸ்டேஷன் எல்லாவற்றையும் குற்றவாளியைப் போலச் சொன்னான். “ஒரு வாய் வைக்கிறதுக்குள்ள விரட்டிட்டுதுங்க. நான் வளத்ததுங்கதான். ரயில்ல நீ கட்டிக் குடுத்த கிழங்கு பூரா தின்னுச்சு. அந்தப் பசியோடவே கூட்டிட்டு வந்திருக்கணும்.”

இராஜம்மா நிமிர்ந்தாள். “என்ன தின்னுச்சு?”

“மரவள்ளி. ஒரு துண்டுகூட எனக்கு வைக்கல. தீரத் தீரக் கேட்டுச்சு.”

அவள் அவனைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள். முதலில் தோள்கள்தான் குலுங்கின. அழுகிறாள் என்று அவன் பயந்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“நான் ஒரு பைத்தியம். மாசாமாசம் அரிசியைத் தேடித் தேடி ஆக்கி வெச்சேன். அவரு சோத்துக்கு என்னைக்கு ஆசைப்பட்டாரு? என் கையால வெந்த மரவள்ளியைத் தின்னுட்டு, மக வீட்டை எட்டிப் பாத்துட்டு, பந்தி முடிஞ்ச கையோட கெளம்பிட்டாரு. இந்த ஊருல அவரு நிப்பாரா?” கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “கையைக் கழுவிட்டு வாங்க. எனக்குப் பசிக்குது.”

அன்று அவள் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டாள். அய்யாவு சாப்பிடாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிலிமை மறுநாளே கழுவினான். மருந்துத் தண்ணீரிலிருந்து மெல்ல எழுந்து வந்தது சுவரின் ஓரம், இலையின் நுனி, பாதி மைனா. மாங்குயிலின் மஞ்சள், வெளிறிய ஒரு கீற்றாக ஓடியிருந்தது. நடுவில், படத்தின் பாதியை அடைத்துக்கொண்டு, கலங்கிப்போன ஒரு கறுப்புச் சிறகு. கடையில் யாராவது இப்படி ஒரு படம் எடுத்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பான்.

இராஜம்மா அதைச் சட்டம் போடச் சொன்னாள். சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டி, சிறகின் மேல் ஒரு பொட்டுக் குங்குமம் வைத்தாள்.

“இது யாரு?” என்று கேட்டாள் லெட்சுமி அக்கா.

“எங்கப்பா. நிக்கச் சொன்னா நிக்க மாட்டாரு. ஆடிட்டாரு.”

அடுத்த அமாவாசைக்கும் சுவரில் இலை விழுந்தது. அதில் மரவள்ளி, தேங்காய்ப்பூ, மிளகாய். வந்தது மைனாதான். அது வாய் வைத்ததும் இராஜம்மா உள்ளே வந்து தட்டை எடுத்துக்கொண்டாள். ஆணியிலிருந்த பப்பாளியை மாங்குயில் நிதானமாக, முழு உடம்பும் தெரிய, கொத்திக்கொண்டிருந்தது. வெறும் கேமராவின் நூலை அய்யாவு ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டான்.