தண்ணீரைத் தாண்டிய பந்து

பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோன என் நண்பனைப் பார்க்க, ஞாயிற்றுக்கிழமைகளில் அடையாறுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பேச்சு திரும்பிவிட்டது, நடையும் ஓரளவு வந்துவிட்டது. கை மட்டும் மடியில் கிடந்தது. அமுக்கிப் பழகச்சொல்லி பிசியோதெரபிஸ்ட் கொடுத்த ரப்பர் பந்தை சோபாவுக்கு அடியில் உருட்டிவிடுவான். "நீங்களாவது சொல்லுங்கண்ணே" என்பார் அவன் மனைவி. நான் சொல்லி அவன் எதைத்தான் கேட்டிருக்கிறான்?

வாலிபத்தில் நாங்கள் இருவரும் மயிலாப்பூரில் ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்தோம். முதலாளி சாப்பிடக் கிளம்பியதும் அங்கிருந்த கம்ப்யூட்டரில் கோல்ஃப் ஆடுவோம். நிஜ மட்டையை இருவருமே தொட்டதில்லை. விளையாட்டுக்கு ஒரே பட்டன்தான். ஒரு தட்டு தட்டினால் திரையில் கோடு ஏறும். இரண்டாவது தட்டு எவ்வளவு பலம் என்று சொல்லும். கோடு இறங்கி வரும்போது மூன்றாவது தட்டு சரியாக விழுந்தால் பந்து நேராகப் போகும்.

ஒரு விரல் போதுமே என்று திடீரென்று தோன்றியது. லேப்டாப்பைப் பழைய கம்ப்யூட்டர் மாதிரியே நடக்கவைக்கும் எமுலேட்டரைப் போட்டு, அந்த விளையாட்டையும் தேடிப் பிடித்து ஏற்றிக்கொண்டு போனேன்.

திரையில் கட்டம் கட்டமாகப் பச்சை விரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான். "டேய், இது இன்னும் உயிரோட கீதா!" இடது கையை நீட்டியவன், என்ன நினைத்தானோ, அந்தக் கையாலேயே வலது கையைத் தூக்கிப் பட்டன்மேல் வைத்தான்.

எமுலேட்டரில் வேகத்தைக் குறைக்கலாம். அவனுக்குச் சொல்லாமல் குறைத்து வைத்திருந்தேன். முதல் அடியிலேயே கண்டுபிடித்துவிட்டான்.

"இன்னா மச்சி, சத்தம் இழுக்குது? ஸ்லோ பண்ணிட்டியா?"

"பழகுற வரைக்கும்டா."

"வேணாம். நாம ஆடின ஸ்பீடு வை."

வைத்தேன். மூன்றாவது தட்டு ஒவ்வொரு தடவையும் பிந்தியது. பந்து மரத்தில் மோதியது, மணலில் புதைந்தது. அவன் விடவில்லை. "விரலுக்கு சேதி லேட்டா போவுது. முன்னாடியே சொல்லி அனுப்பணும்" என்றான். கோடு உச்சியில் திரும்பும்போதே விரலை அழுத்தத் தொடங்கினான். வாரங்கள் போகப்போக பந்து நேரானது. ரப்பர் பந்தும் சோபாவுக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிட்டது, நான் சொல்லாமலே.

குளத்துக்கு நடுவே தீவுபோல் குழி இருக்கும் ஒரு கட்டம் உண்டு. அச்சகத்தில் எங்கள் பந்தெல்லாம் அங்கேதான் மூழ்கும். ஒரு ஞாயிறு சாயங்காலம் அதற்கு வந்து சேர்ந்தோம். முதலில் நான் அடித்தேன். தண்ணீர். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டினான். இரண்டு. மூன்று. பந்து குளத்துக்கு மேலே போனது, போய்க்கொண்டே இருந்தது, தீவின் ஓரத்தில் குதித்துப் புல்லில் நின்றது. அடுத்த அடி மெதுவாக உருண்டு குழிக்குள் விழுந்தது.

அவன் போட்ட கத்தலில், கீழே விழுந்துவிட்டான் என்று பயந்து மனைவி கரண்டியோடு ஓடி வந்தார். அவன் வலது கையை மேலே தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தான். தோளுக்கு மேல்! அதை அவன் கவனிக்கவே இல்லை. நாங்கள் இருவரும்தான் பார்த்தோம். அவர் கரண்டியை டி.வி. ஸ்டாண்டு மேலேயே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டார்.

"இன்னா பாத்துக்கினு நிக்கிற? போட்டோ எடு" என்றான் என்னிடம். "பிசியோவுக்கு அனுப்பு. எந்தக் கையால அடிச்சேன்னு மறக்காம எழுது."