நாற்பத்தேழாம் இலக்கச் சேட்

போன கிழமை வீட்டு வோஷிங் மெஷின் மண்டையைப் போட்டுவிட்டது. உடுப்பு மூட்டையைக் கட்டிக்கொண்டு டோர்செட் பார்க் பகுதியில் உள்ள, காசு போட்டுத் தோய்க்கும் கடைக்குப் போனேன். கதவைத் திறந்ததும் பிளீச் மணம். அவ்வளவுதான், தொண்ணூறுகளில் நான் வேலை பார்த்த பல்கலைக்கழக விளையாட்டு மண்டபத்தின் நிலவறைக்கே மனம் போய்விட்டது.

அங்கே குணம் அண்ணையும் நானும் விளையாட்டுக்காரரின் உடுப்புத் தோய்ப்பவர்கள். முட்டை மாதிரி ஒரு பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அதற்குப் பெயர் ஃபுட்போலாம்! ஓர் ஆட்டமும் நாங்கள் பார்த்ததில்லை. ஆனால் அவர்கள் போட்டுக் கழற்றும் சேட்டின் அழுக்கைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவோம். நாற்பத்தேழாம் இலக்கத்தின் வெள்ளைச் சேட்டில் எப்போதும் முன்பக்கம் முழுக்கச் சேறு, தோளில் எதிரணித் தலைக்கவசங்களின் பெயின்ட்.

"உவன் பந்தைத் தொடுறதே இல்லையாம். வாறவனைத் தாண்ட விடாமல் மறிக்கிறதுதான் வேலை," என்றார் அண்ணை.

"உதுக்கும் பரிசு குடுப்பினமோ?" என்றேன்.

கொடுத்தார்கள். நாட்டிலுள்ள பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றுக்குமாக வருடத்துக்கு ஒரு சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது. அந்த வருடம் அவனுக்கு. கடைசி ஆட்டத்துச் சேட்டை மண்டபத்துக் கண்ணாடி அலுமாரியில் காட்சிக்கு வைக்கப்போவதாகச் சொல்லி, கோச் அதைத் தனியாக ஒரு கொளுக்கியில் மாட்டிவிட்டுப் போனார். எனக்கு மனம் கேட்கவில்லை. விருது வாங்கினவனின் சேட்டை ஊத்தையோடா வைப்பது? இரண்டு தரம் ஊறவைத்து, பிரஷ் போட்டு உரஞ்சி, கிழிசலையும் தைத்துவிட்டேன். பால் வெள்ளை!

அண்ணை வந்து பார்த்துத் தலையில் கைவைத்தார். "அட விசரா! அந்தச் சேற்றுக்காகத்தானேடா அதை வைக்கப்போகினம்!"

 ஊரிலிருந்த அம்மாவை என் சம்பளத்தைக் காட்டி ஸ்பொன்சர் செய்து கூப்பிட விண்ணப்பித்திருந்தேன். வேலை போனால் அம்மா வருவதும் போச்சு. இன்னும் ஒரு மணித்தியாலத்தில் கோச் வருவார்.

அவருக்கு முன்னம் நாற்பத்தேழு வந்தான். கதவையே அடைக்கிற உடம்பு. சேட்டை விரித்துப் பார்த்துவிட்டு, பக்கத்து மரவாங்கில் அமர்ந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அம்மாவின் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு எழும்பினான். அந்தச் சேட்டை மாட்டிக்கொண்டு பின்கதவால் நவம்பர் மழைக்குள் போனான். மைதானத்துச் சேற்றில் விழுந்து எருமைக்கன்று மாதிரிப் புரண்டான். திரும்பி வந்து சேட்டைக் கழற்றிக் கொளுக்கியில் மாட்டினான். தோளிலிருந்த பெயின்ட்டும் கிழிசலும் மட்டும் திரும்பி வரவில்லை. அந்தத் தோளை ஒருக்கால் தடவிப் பார்த்துவிட்டு, ஒருவரிடமும் சொல்லாதே என்று வாயில் விரல் வைத்துக் காட்டினான்.

"தம்பி, உதையும் தோய்ச்சுப் போடாதை," என்றார் அண்ணை.

கோச் ஒன்றும் அறியாமல் அதை எடுத்துப்போய் அலுமாரியில் வைத்தார். அடுத்த வருடம் அம்மா வந்தார். கூட்டிக்கொண்டு போய் அந்த அலுமாரியைக் காட்டினேன்.

"உதைத் தோய்க்க இஞ்சை ஒருத்தருமில்லையோ?" என்று கேட்டார்.

போன கிழமை தோய்க்கும் கடையிலிருந்து நேரே அந்த மண்டபத்துக்குத்தான் போனேன். நிலவறை இல்லை, அலுமாரி இல்லை. விருதுக்காரரின் படங்கள் ஒரு பெரிய திரையில் மாறி மாறி ஓடுகின்றன. குணம் அண்ணையும் இல்லை, அம்மாவும் இல்லை. அந்தச் சேட் எங்கே என்று வரவேற்பு மேசையிலிருந்த பெண்பிள்ளையிடம் கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. "அதில் அப்படி என்ன விசேஷம்?" என்று கேட்டாள். என் அம்மாவுக்காக அவன் புரண்ட சேறு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. வாயில் விரல் வைத்துக் காட்டினானே.