ஏறாத துணி

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று ஊரில் பழமொழியாகச் சொல்வார்கள். எங்கள் தோட்டத்தில் அதைச் சட்டமாகவே வைத்திருந்தார்கள். அந்தச் சட்டம் தெரியாமல் என் மூத்த பிள்ளையை நான் தூங்கப் பழக்கினேன்.

வரக்காப்பொலவிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டம் அது. கல்யாணமாகி நான் அங்கே போன வருஷமே மகள் பிறந்தாள். வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்தில், ஒரு வீட்டுக்கு ஓர் அறை என்று இருந்த காம்பராக்களுக்கு நடுவே இருந்த சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டில் இருமினால் பத்து வீட்டில் கேட்கும். பக்கத்துக் காம்பராக்காரன் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன். பிள்ளை முனகினாலே போதும், சுவரில் குத்துவான். விடியுமுன் தப்பு அடித்ததும் எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடுகிறவனுக்குத் தூக்கம்தானே சொத்து. அவனைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது.

அதனால் நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன். நான் உடுத்திப் பழசான மாம்பழ நிறச் சேலையில் தூளி கட்டினேன். அதில் என் வாடை இருந்தது. பிள்ளை விழித்துச் சிணுங்கினால் உடனே தூக்கமாட்டேன். நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, வாயைத் திறக்காமல் 'ம்ம்' என்று ராகம் இழுப்பேன். மூச்சு நிதானப்பட்டதும் கையை எடுத்துவிடுவேன். நாள் போகப்போகக் கையை வைக்கும் நேரத்தையும் குறைத்துக்கொண்டே வந்தேன். முப்பதாம் நாள் கழிவதற்குள் என் கை அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. விழிப்பாள், ஒரு முனகல் முனகுவாள், முகத்தைத் திருப்பித் தூளித் துணியில் மூக்கைத் தேய்த்துக்கொண்டு மறுபடியும் தூங்கிப்போவாள்.

லயமே மெச்சியது. "தங்கமான புள்ள. வீட்டுல புள்ள இருக்குறதே தெரியல" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனையோ பிள்ளை பெற்றவர்களுக்கு வராத வித்தை தலைப்பிள்ளைக்காரி எனக்கு வந்துவிட்டதே என்று ஒரு மிதப்பு.

பிறகு வேலைக்குப் போனேன். கைப்பிள்ளைகளைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டுப் போகவேண்டும். தகரக் கூரை போட்ட ஒரு கொட்டில். கால் ஊனமாகி மலை ஏற முடியாத ஒரு பெண்ணை அங்கே ஆயாவாக வைத்திருந்தார்கள். ஒவ்வொரு தாயும் தன் சேலையில் ஒரு துண்டு கிழித்து அவளிடம் கொடுத்துவைக்க வேண்டும். பிள்ளை பசித்து அழுதால் அந்தத் தாயின் துணியை முற்றத்து மூங்கிலில் ஏற்றுவாள். மலையில் எங்கே நின்று வெட்டினாலும் மூங்கில் தெரியும். துணி ஏறினால் கங்காணி அந்தத் தாயைப் போகவிடுவார். ஏறாவிட்டால், பால் வெட்டி முடித்து, சிரட்டைகளில் வடிந்ததை வாளியில் சேர்த்து, ஸ்டோருக்குக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகுதான் போகலாம். அதற்குள் மத்தியானம் ஆகிவிடும்.

நான் தூளிச் சேலையிலேயே ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தேன்.

சிவப்பு ஏறும், பச்சை ஏறும், கட்டம்போட்டது ஏறும். பெண்கள் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கி ஓடுவார்கள். மாம்பழ நிறம் மட்டும் ஏறாது. எனக்கோ மார் கட்டி, ரவிக்கை நனைந்து, கையைத் தூக்கினால் உயிர் போகும். மரத்துக்குப் பின்னால் போய்ப் பாலை மண்ணில் பீய்ச்சிவிட்டு வருவேன். மத்தியானம் ஓடிப்போய் அள்ளியெடுத்தால் பிள்ளை நாலு இழுப்பு இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். ராத்திரியில் எழுப்பிக் கொடுத்தாலும் அப்படித்தான்.

"அக்கா, காலையில எந்திரிக்கவே இல்லையா?" என்று ஆயாவைக் கேட்டேன்.

"எந்திரிச்சா தாயி. லேசா முனகினா, பொறவு அவளே தூங்கிட்டா. இந்தப் புள்ளைய மாதிரி எல்லாம் இருந்தா எனக்கென்னா கவல?"

"அழாட்டியும் துணிய ஏத்துங்கக்கா."

"அழாத புள்ளைக்குத் துணி ஏத்துனா கங்காணி என்னையில்ல நாக்கப் புடுங்குற மாதிரி கேப்பாரு."

கங்காணியிடமே போய்க் கேட்டேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "அழுவாத புள்ளைக்கு என்னா பாலு? ஒன் புள்ளைக்கே பசிக்கல, ஒனக்கென்னா அவசரம்? போ புள்ள, வெட்டப் பாரு."

பிள்ளையின் தொடை சுருங்கிக்கொண்டே வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் வீட்டுக்காரரும் கீழே சிங்கள ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே இருந்த நாட்டு வைத்தியர் வெதமாத்தயா நாடி பார்த்து, வயிற்றைத் தட்டிப் பார்த்து, "லெடக் நே, படகினி" என்றார். நோய் இல்லை, பசி என்று அர்த்தம். மார் நிறையப் பாலை வைத்துக்கொண்டு அவர் முன்னால் உட்கார்ந்து அதைக் கேட்டேன். அந்த வெட்கம் எந்தப் பெண்ணுக்கும் வரக்கூடாது.

மறுநாள் யாரையும் கேட்காமல் நடு வெட்டில் இறங்கிப்போய்ப் பால் கொடுத்தேன். அரைநாள் கூலிக்கு அரைப் பேர்தான் போட்டார்கள். அடுத்த நாளும் போனேன். "இன்னொரு தடவ எறங்குன, புருஷனையும் கூட்டிக்கிட்டு லயத்தக் காலி பண்ணிரணும்" என்று கங்காணி எல்லார் முன்னாலும் சொன்னார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அதற்கும் அடுத்த நாள் நான் இறங்கவில்லை. மரத்துக்கு மரம் போகும்போது மூங்கிலைப் பார்த்துக்கொண்டே வெட்டினேன். அழுடி, ஒரு தடவை அழுதுவிடடி என்று வாய்விட்டே சொன்னேன்.

அன்றைக்குத்தான் மாம்பழ நிறம் ஏறியது.

கத்தியை மரத்தடியில் போட்டுவிட்டு ஓடினேன். சிரித்துக்கொண்டு ஓடினேன் என்று எதிரே வந்தவர்கள் பிறகு சொன்னார்கள். சிரித்துத்தான் இருப்பேன். என் பிள்ளை அழுதுவிட்டாள், பசியைச் சொல்லிவிட்டாள் என்ற சந்தோஷம்.

ஆயா முற்றத்தில் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் பிள்ளை இல்லை.

"அழுதாளாக்கா?"

"இல்ல தாயி" என்றாள். "எழுப்பிப் பாத்தேன்."

தூளிக்குள் முகத்தைத் துணியில் பதித்தபடி கிடந்தாள். தூங்குகிறவள் மாதிரியே இருந்தாள்.

அடக்கம் முடிந்த ஈரம் காய்வதற்குள் லயத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. "புள்ளைய அழவே விடாம வளத்தா இப்படித்தான் ஆகும்." தங்கமான பிள்ளை என்று மெச்சிய அதே வாய்கள்தான். நரம்பில்லாத நாக்கு எப்படியும் பேசும். அந்தப் பழியை நான் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கமாட்டேன். சுவரைக் கூரை வரை கட்டாதவன் நான் இல்லை. மூங்கிலை நட்டுச் சட்டம் போட்டவளும் நான் இல்லை. எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை.

அடுத்து மகன் பிறந்தான். அதே சேலையில்தான் தூளி கட்டினேன். நெஞ்சில் கை வைக்கவுமில்லை, ராகம் இழுக்கவுமில்லை. முதல் சிணுங்கலுக்கே அள்ளியெடுத்து மாரில் போட்டுக்கொள்வேன். கத்தினால் பால் வரும் என்று அவன் வெகு சீக்கிரம் தெரிந்துகொண்டான். லயமே அதிரும். பக்கத்துக் காம்பராக்காரன் சுவரில் குத்தினால் நானும் திருப்பிக் குத்தினேன்.

"என்னா புள்ள இது, இப்புடிக் கத்துது? கொஞ்சம் தூங்கப் பழக்கக் கூடாதா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பழக்கிப் பாத்தாச்சு" என்றேன்.

மகளின் துணியைத்தான் அவனுக்கும் ஆயாவிடம் கொடுத்திருந்தேன். ஒரே ஒரு நாள் ஏறிய துணி, கிழித்த நிறம் மாறாமல் புதிதாகவே இருந்தது. மகனுக்கு அது காலையில் ஏறும், இறங்கும், மறுபடியும் ஏறும். கங்காணி முறைப்பார். "அழுதிச்சுங்க, துணி ஏறிடுச்சுங்க" என்று சொல்லிவிட்டு நான் இறங்கிவிடுவேன். அவர் போட்ட சட்டம், அவரால் ஒன்றும் சொல்ல முடியாது.

ஒரு மழைக்காலம் முடிவதற்குள் வெயிலிலும் மழையிலும் அந்தத் துணி வெளுத்து நைந்து, மூங்கிலிலேயே நாராகக் கிழிந்துபோனது. ஆயா அந்த நாரைக் கையில் கொண்டுவந்து காட்டி, வேறு துணி கேட்டாள். தூளிச் சேலையில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. முன்பு கொடுத்ததைவிடப் பெரிய துண்டாகக் கிழித்துக் கொடுத்தேன்.