பீப்பாய்க்குள் இருந்தபடி சம்பந்தம் பேசிய அப்பா

இன்று பஸ்ஸில் ஏர்கோன் வேலை செய்யவில்லை. பக்கத்து இருக்கைப் பெரியவர் விசிறிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, நீ டத்தோ கிராமாட்டுல இருந்த தண்ணித் தோங் அண்ணன் மகதானே? அப்படியே அவரு மூஞ்சி லா!"

ஆமாம். என் சின்ன வயதில், மாதக்கணக்கில் மழையே இல்லாமல் வெயில் கொளுத்தியபோது, அப்பா மத்தியானம் முழுக்க வாசலில் தோங் என்கிற தண்ணீர்ப் பீப்பாய்க்குள்தான் உட்கார்ந்திருப்பார். அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். இடுப்பில் துணியில்லாத அப்பாவால் எழுந்திருக்க முடியவில்லை. கழுத்தளவு தண்ணீரில் இருந்தபடியே சம்பந்தம் பேசினார்.

ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அக்கா வேறொருவரைக் கட்டிப் பேரன் எடுத்த பிறகும் அம்மா அப்பாவை மன்னிக்கவில்லை.

பஸ் பெரியவர், அன்று பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் சித்தப்பாவாம்.

"ஜாதகமெல்லாம் சும்மா லா. உங்கப்பாவைப் பாத்துட்டு எங்கண்ணனும் ஒரு தோங் வாங்கி உக்காந்தாரு. மாட்டிக்கிட்டாரு. தீயணைக்கிற பொம்பா வண்டி வந்து, தோங்கை அறுத்துத்தான் ஆளை வெளிய எடுத்தாங்க. அந்த வெக்கத்துலதான் நாங்க திரும்பி வரல."

இறங்கியதும் அம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "அப்பா மேல தப்பே இல்லம்மா."

அம்மா விடவில்லை.

"பாத்தியா, அந்தக் குடும்பத்தையும் கெடுத்திருக்காரு உங்கப்பா!"

அப்பாவுக்காக வாதாட விரும்பும் வக்கீல் நண்பர்கள் கீழே கை தூக்கவும்.